பின்னால் வரும் காருக்கும் பிரேக் வேண்டும்

அமெரிக்காவில் மோட்டார்ஹோமில், அதாவது உள்ளேயே வீடு போல வசதிகள் உள்ள பெரிய வண்டியில், ஊர் சுற்றுகிறவர்கள் பலர், பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். பெரிய வண்டியை முகாமில் நிறுத்திவிட்டுக் கடைகண்ணிக்குப் போய்வர அந்தக் கார். செல்லப் பெயர் ‘தேரை’. ஆங்கிலத்தில் ‘இழுபடுவது’ என்பதும் ‘தேரை’ என்பதும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும்.

பெரிய டீசல் வண்டிக்கு அந்தக் காரை இழுப்பது சிரமமே இல்லை. நிறுத்துவதுதான் சிரமம். காரில்தான் பிரேக் இருக்கிறதே என்று தோன்றும். இருக்கிறது, ஆனால் என்ஜின் ஓடவில்லை. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பெடலை மிதிக்கும் நம் காலுக்குத் துணை பூஸ்டர். அதற்கு வேண்டிய வெற்றிடத்தை என்ஜின்தான் தருகிறது. அணைத்து வைத்த காரில் பெடலை மூன்று நான்கு முறை மிதித்துப் பாருங்கள், கல் மாதிரி இறுகிவிடும்.

இங்கேதான் ஏர் பிரேக் கைகொடுக்கிறது. நம்மூர் பேருந்து நிற்கும்போது ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வருமே, அதே அழுத்தக் காற்றுதான். ஓட்டுநர் பிரேக் மிதித்ததும் ஒரு ஹோஸ் வழியாகக் காற்று காருக்குப் போய், சிறு சிலிண்டர் ஒன்றைத் தள்ளிப் பெடலை அழுத்துகிறது. சில அமைப்புகள் அந்தக் காற்றோட்டத்தைக் கொண்டே பூஸ்டருக்கான வெற்றிடத்தையும் உண்டாக்குகின்றன.

இத்தனைக்கும் எதிரி தண்ணீர். காற்றைச் சேர்த்து வைக்கும் டேங்கில் 120 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) ஏறும்போது, வெளியே ஒன்பது லிட்டராக இருந்த காற்று ஒரு லிட்டருக்குள் அடங்குகிறது. ஆனால் அந்த ஒரு லிட்டர் இடம், சூடு ஆறியபின், தனக்குரிய அளவு நீராவியைத்தான் தாங்கும். ஆகவே காற்றில் ஈரம் நிறைந்த நாளில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஆவி தண்ணீராகிவிடும். அது வால்வைத் துருப்பிடிக்க வைக்கும், குளிர்காலத்தில் உறைந்து குழாயையே அடைத்துவிடும். மோட்டார்ஹோமில் இருக்கும் ஏர் டிரையர் பெரும்பகுதி ஈரத்தைப் பிடித்துவிடும். அதற்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகளுக்கும் ஆயுள் உண்டு. டேங்கின் அடி வால்வைத் திறந்து பாருங்கள். தண்ணீர் அடிக்கடி வந்தால் டிரையரின் கார்ட்ரிட்ஜை மாற்றும் நேரம். பால் போலக் கலங்கி வந்தால் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரிலிருந்து எண்ணெயும் கலக்கிறது, மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள்; குமிழி வந்தால் கசிவு. கழற்றியபின் இணைப்பின் வாயை மூடி வையுங்கள், மணல் போனால் ரப்பர் வளையம் கெட்டுவிடும்.

அப்புறம், காரில் செருகியிருக்கும் ஒரு சிறிய ‘பின்’ (pin). வண்டியையும் காரையும் இணைக்கும் தண்டான டோ பார் அறுந்து கார் தனியே போனால், மோட்டார்ஹோமோடு கட்டிய கம்பி பின்னை இழுத்துவிடும்; உடனே காரில் சேமித்த காற்று பெடலை அழுத்தும். பயணத்துக்கு முன், வண்டி நிற்கும்போதே பின்னை உருவிப் பாருங்கள். பெடல் இறங்க வேண்டும், திரும்பச் செருகியதும் முழுதாக மேலே வர வேண்டும்.

முழுதாக வராவிட்டால் பிரேக் கொஞ்சம் பிடித்தபடியே கார் இழுபடும். முன்னால் ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் வழியில் நிறுத்தும்போதெல்லாம் இறங்கி, காரின் நான்கு சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். அனல் அடித்தால் அங்கேயே நிறுத்திப் பாருங்கள்.