பழைய காரின் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் மாற்றும் முன்: பதிவு விதிகள் சொல்வது என்ன?

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் அம்பாசிடரையும் பிரீமியர் பத்மினியையும் இன்றும் விடாமல் வைத்து ஓட்டுகிறவர்கள், எஞ்சினை இறக்க வேண்டிய நிலை வந்தால் முதலில் மெக்கானிக்கைத்தான் தேடிப் போகிறார்கள். ஆர்.சி. புத்தகம் (பதிவுச் சான்று) பீரோவை விட்டு வெளியே வருவது, பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டிய நாளில்தான். அன்றைக்கு எஞ்சின் எண் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், நன்றாக ஓடுகிற வண்டியானாலும் புதுப்பிப்பு நின்றுவிடும். ஆகவே எஞ்சினைத் தூக்குவதற்கு முன்பே விதியைத் தெரிந்துகொள்வது அவசியம்.

சொந்த எஞ்சினை இறக்கி, சிலிண்டர் போர் செய்து (உட்சுவரைக் கடைந்து சீராக்கி), பிஸ்டனும் ரிங்கும் மாற்றி, அதே எஞ்சினைத் திரும்ப ஏற்றுவது பழுதுபார்ப்பு மட்டுமே. இதற்கு யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. ஆர்.சி.யில் எஞ்சின் எண், சேஸிஸ் எண், சிலிண்டர்களின் எண்ணிக்கை, சி.சி. (எஞ்சின் கொள்ளளவு), எரிபொருள் ஆகியவை பதிவாகின்றன. கியர் பாக்ஸுக்கென்று எண் எதுவும் அதில் இல்லை. எனவே தேய்ந்துபோன கியர் பாக்ஸை எடுத்துவிட்டு அதே வகையைச் சேர்ந்த இன்னொன்றைப் பொருத்தினால் பதிவில் திருத்தம் எதுவும் வராது. ஆனால் வேறு மாடலின் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துவதற்காக வண்டியின் அடியில் உள்ள குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரை வெட்டி, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் குறுக்குவது வண்டியின் அமைப்பையே தொடுகிற வேலை. அதைப் பழுதுபார்ப்புக் கணக்கில் சேர்க்க முடியாது. பட்டறையில் எளிதாகச் சொன்னாலும் செய்யாமலிருப்பதே நல்லது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவுதான் இந்த விஷயத்துக்கு அடிப்படை. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் அமையும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்று அது சொல்கிறது. எஞ்சினுக்குப் பதிலாக அதே தயாரிப்பும் அதே வகையுமான எஞ்சினைப் போடுவது, எடுத்துக்காட்டாக அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்குப் பதில் இன்னொரு 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைப் பொருத்துவது, இந்தத் தடைக்குள் வராது. எண் மட்டுமே மாறுகிறது. அந்தப் புதிய எண்ணை, உரிமையாளர் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து ஆர்.சி.யில் ஏற்றிவிட வேண்டும். மாற்றம் நடந்த 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கெடு அதே பிரிவில் உள்ளது. ஆயினும் வேலைக்கு முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கிக்கொள்வதே பாதுகாப்பான வழி. வண்டியின் பேரில் கடன் நிலுவையில் இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதமும் தேவை.

எங்கிருந்து எஞ்சின் வாங்குகிறோம் என்பதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டதால், கிடைப்பவை பெரும்பாலும் உடைத்த வண்டிகளிலிருந்து கழற்றியவை. பழைய இரும்புக் கடையில் வாங்கும்போது எஞ்சின் எண்ணைக் குறிப்பிட்ட பில்லும், அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகலும், 55ஆம் பிரிவின்படி அந்த வண்டியின் பதிவு ரத்தானதற்கான ஆதாரமும் கேட்டு வாங்க வேண்டும். இவை இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்; திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வாங்கியவரே.

பானட்டையும் ரேடியேட்டரையும் கழற்றி, செயின் பிளாக்கில் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஒன்றாகத் தூக்கியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எஞ்சின் பிளாக்கில் உள்ள எண்ணின் மீது படிந்திருக்கும் கிரீஸையும் துருவையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, அதன் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும். உவரி, மணப்பாடு போன்ற கடலோர ஊர்களில் நின்ற வண்டிகளில் உப்புக்காற்றால் எண் அரித்துப்போயிருப்பது உண்டு. அப்படி இருந்தால் பட்டறையில் சொந்தமாக எண்ணைப் பஞ்ச் செய்யவே கூடாது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் சொல்லும் முறைப்படிதான் செய்ய வேண்டும்.

வேறு வகை எஞ்சினுக்கு விதி கடுமையானது. பழைய மார்க் அம்பாசிடரில் 1817 சி.சி. இசுசு எஞ்சினை ஏற்ற விரும்புகிறவர்கள், அம்பாசிடரைத் தயாரித்த அதே நிறுவனமே பின்னாளில் இந்த எஞ்சினைப் போட்டுத்தானே விற்றது என்று வாதிடுவார்கள். அந்த வாதம் நிற்காது. குறிப்பிட்ட அந்த வண்டிக்குத் தயாரிப்பாளர் எதைக் குறிப்பிட்டார் என்பதே கணக்கு. பதிவுக்காகத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அனுமதியற்ற மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அங்கீகாரம் பெற்ற கிட் மூலம் சி.என்.ஜி., எல்.பி.ஜி. அல்லது மின்சாரத்துக்கு மாற்றுவதற்குச் சட்டம் வழிவிட்டிருக்கிறது; அதையும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். முற்காலத்தில் அனுமதி வாங்கி டீசலுக்கு மாற்றி ஆர்.சி.யில் ஏற்றிய வண்டிகள் ஊரில் ஓடுவதைக் காட்டி, இன்று அதையே கேட்க இயலாது.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார் வைத்திருப்போர் இன்னும் ஒருபடி யோசிக்க வேண்டும். 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் இத்தகைய வண்டிகளுக்கு ‘வின்டேஜ்’ பதிவை ஏற்படுத்தியது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இதற்கான நிபந்தனை, வண்டி அசல் வடிவிலேயே இருக்க வேண்டும் என்பதும், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது என்பதுமாகும். ஆகவே வயதான காரின் அசல் எஞ்சின் சரிசெய்யும் நிலையில் இருந்தால், கூடுதல் செலவானாலும் அதையே சரிசெய்யலாம். மாற்றியே ஆக வேண்டுமென்றாலும் கழற்றிய எஞ்சினை எடைக்குப் போடாமல் வைத்திருக்கலாம். கவனத்தில் கொள்ள வேண்டியது, வின்டேஜ் பதிவு பெற்ற வண்டி கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். பாளையங்கோட்டையிலிருந்து தினமும் கடைக்குப் போய்வர அந்தக் கார் வேண்டும் என்பவருக்கு வழக்கமான புதுப்பிப்பே பொருந்தும்.

எஞ்சின் எண் ஆர்.சி.யில் ஏறியதும், திருத்திய நகலை இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் கொடுத்துப் பாலிசியிலும் அதே எண்ணை ஏற்றிவிட வேண்டும். இரண்டிலும் எண் வேறாக இருந்தால், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது அதைக் காட்டியே கோரிக்கையை இழுத்தடிக்க இடமுண்டு.