ஆர்த்தோ எம்.டி.எஸ். சீட்: மார்க் இருந்தும் கைநழுவுவது எங்கே?

பல் சீரமைப்பு நிபுணராக வேண்டுமானால் பெரும்பாலானோருக்கு வழி ஒன்றுதான். பல் மருத்துவ இளநிலைப் படிப்பான பி.டி.எஸ். முடித்து, முதுநிலைக்கான நீட் எம்.டி.எஸ். தேர்வு எழுதி, கலந்தாய்வில் பல் சீரமைப்புப் பிரிவான ஆர்த்தோவைப் பிடித்து, 3 ஆண்டு படிக்க வேண்டும். தேர்வில் 240 கேள்விகள், 960 மதிப்பெண். தவறான விடைக்கு ஒரு மார்க் போகும். மார்க் வாங்குவது எப்படி என்று சொல்லித்தரத் தெருவுக்கு ஒரு கோச்சிங் சென்டர் இருக்கிறது. மார்க் வாங்கிய பிறகு தாலுகா அலுவலகத்திலும் கலந்தாய்வு இணையதளத்திலும் சீட்டைத் தொலைப்பவர்களுக்குத்தான் கேட்க ஆளில்லை.

முதலில் ஒன்று. கலந்தாய்வு இரண்டு. அரசுக் கல்லூரி இடங்களில் பாதியையும் நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்கள் அனைத்தையும் டெல்லியில் உள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்.சி.சி. நிரப்புகிறது. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு நிரப்புகிறது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒன்றில் பதிந்தால் மற்றதற்குத் தானாகப் போய்விடும் என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

பெரிய பொறி, இதர பிற்படுத்தப்பட்டோருக்கான ஓ.பி.சி. சான்றிதழ். கையில் இருக்கும் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மாநிலக் கலந்தாய்வுக்கு மட்டுமே. எம்.சி.சி.யின் 27 சதவீத ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவினர் (கிரீமி லேயர்) அல்லர் என்ற சான்று வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை; அதையும் முன்பே பார்த்துவிடுங்கள். நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய சான்றாக இருந்தால் தகராறு குறைவு.

இ-சேவையில் விண்ணப்பித்ததும் கோப்பு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகரும். அங்கேதான் வம்பு. நானறிந்த ஒரு பெண் டாக்டர், திருமணமாகிக் கணவர் ஊரில் இருந்தவர். அவருடைய அப்பா அரசுத் துறை ஒன்றில் குரூப் சி ஊழியர், அம்மா வீட்டில். விண்ணப்பம் போன இடத்தில் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுக்காரர் பே ஸ்லிப் எங்கம்மா?" கணவர் மென்பொருள் வேலை. அவர் சம்பளத்தையும் அப்பா சம்பளத்தையும் கூட்டிப் பார்த்து, ஆண்டு வருமான வரம்பான 8 லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று நிராகரித்துவிட்டார்கள். இரண்டுமே தப்பு. வளமான பிரிவா என்பதைப் பெற்றோர் நிலையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கணவர் வருமானம் கணக்கிலேயே வராது. பெற்றோர் அரசு ஊழியர்கள் என்றால் அவர்கள் எந்தக் குரூப் பதவி என்பதுதான் கேள்வி, எவ்வளவு சம்பளம் என்பதல்ல. சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்சத்தில் சேராது. 1993 செப்டம்பர் 8ஆம் தேதியிட்ட மத்தியப் பணியாளர் துறை ஆணையில் (எண் 36012/22/93) இது தெளிவாகவே இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் பல மேசைகளை அது எட்டவில்லை.

ஆகவே அந்த ஆணையையும் 2004 அக்டோபர் 14ஆம் தேதி விளக்கக் கடிதத்தையும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் நிரந்தரமாக வசிக்கும் தாலுகாவிலேயே விண்ணப்பியுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "எழுதிக் கொடுங்க சார்" என்றதும் பல கோப்புகள் தாமாக நகர்வதைப் பார்த்திருக்கிறேன். தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வெளிமாநிலத்தில் பி.டி.எஸ். படித்துவிட்டுத் தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு வருபவர்கள் பிறப்பிடச் சான்றிதழ் வாங்க வேண்டும். இருப்பிடச் சான்றிதழ் வேறு. இ-சேவை மையத்தில் அவசரத்தில் எதையாவது போட்டுவிடுவார்கள். திரையைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அப்புறம் சி.ஆர்.ஆர்.ஐ. எனப்படும் பி.டி.எஸ். கட்டாயப் பயிற்சி முடியும் தேதி. பயிற்சியை எந்தத் தேதிக்குள் முடித்திருக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பார்கள். நீண்ட விடுப்பு எடுத்துப் பயிற்சி சில நாள் நீண்டால்கூட அந்த ஆண்டு போயிற்று. விடுப்பு எழுதும்போதே கணக்குப் பாருங்கள்.

நிகர்நிலை இடங்களில் ஓ.பி.சி., எஸ்.சி. ஒதுக்கீடு கிடையாது. சான்றிதழ் இருக்கிறதே என்று 2 லட்சம் முன்வைப்புத் தொகை கட்டி உள்ளே போகாதீர்கள். ஆர்த்தோவுக்குப் பல இடங்களில் ஆண்டுக் கட்டணம் பத்து லட்சத்துக்கு மேல். இடுக்கிகள், கம்பிகள், பயிற்சிக்கான பல் மாதிரியான டைப்போடான்ட் எல்லாம் மாணவர் தலையில் விழுவதும் உண்டு. கல்லூரி தரும் மாத உதவித்தொகை (ஸ்டைபண்ட்) எவ்வளவு, அது உண்மையிலேயே வங்கிக் கணக்கில் வருகிறதா என்பதை இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள், அலுவலகத்தில் அல்ல. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கான வருமான வரம்பு 2.5 லட்சம், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அந்த உதவித்தொகையே கிடையாது. "சேருங்க, பிறகு பார்த்துக்கலாம்" என்று சொல்பவர் பிறகு பார்க்க மாட்டார்.

முதல் சுற்றில் இடம் கிடைத்தவர் இரண்டாம் சுற்றில் மேம்படுத்தல் (அப்கிரேடு) கேட்டு வேறு இடம் ஒதுக்கப்பட்டால் பழைய இடம் அந்தக் கணமே போய்விடும். அரசுக் கல்லூரியில் செயற்கைப் பல் பிரிவு கிடைத்தவர், சும்மா இருக்கட்டும் என்று கட்டுப்படியாகாத கல்லூரியின் ஆர்த்தோவைப் பட்டியலில் சேர்த்தால், அது கிடைத்துத் தொலையும்; இரண்டும் இல்லாமல் நிற்க வேண்டியதுதான். கையில் உள்ள இடத்தை விட்டுவிட்டுச் சேரத் தயாராக உள்ளவற்றை மட்டும் போடுங்கள். மூன்றாம் சுற்றில் சேர்ந்தால் விலக முடியாது.

சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைக் கேட்பார்கள். ஒவ்வொன்றின் பெயரும் எழுதி, முத்திரை வைத்த ஒப்புகை வாங்காமல் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு அலைச்சலில் நொந்தவர்களிடம்தான் ஆறு மாத ஆர்த்தோ ஃபெலோஷிப், வார இறுதி வகுப்பு என்று விற்க வருவார்கள். கைத்தொழில் நுணுக்கம் கற்கலாம், தப்பில்லை. ஆனால் அதை வைத்துப் பல் மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிய முடியாது, பெயர்ப்பலகையில் நிபுணர் என்று போடவும் முடியாது. பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்திடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தச் சான்றிதழைக் கவுன்சில் பதிவு செய்யுமா, செய்யும் என்று எழுதித் தருவீர்களா?