முன் இரண்டு வரிசைக்கு மட்டும் நடக்கும் வகுப்பு

ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் பழைய வடாற்காட்டின் ஏதாவது ஒரு முதலாமாண்டு வகுப்பில் போய் உட்கார்ந்து பாருங்கள். வேலூர் டவுனில் சிபிஎஸ்இ படித்து வந்தவர், பேரணாம்பட்டில் உருது மீடியத்தில் படித்தவர், குடியாத்தம் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண், வீட்டில் தெலுங்கு பேசும் காட்பாடிப் பையன், சவ்வாது மலை உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து இறங்கி வந்த முதல் தலைமுறை மாணவர் என்று அறுபது பேர் ஒரே அறையில் இருப்பார்கள். எதிரே நிற்கும் புதிய ஆசிரியர் கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வான நெட்டோ செட்டோ முடித்திருப்பார், பிஎச்.டி.கூட வாங்கியிருப்பார். பள்ளி ஆசிரியருக்கு பி.எட். போன்ற ஆசிரியர் பயிற்சி கட்டாயம். கல்லூரி ஆசிரியருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு வகுப்பை எப்படிப் பார்ப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2019இல் 'குரு தக்ஷதா' என்ற பெயரில் புதிய ஆசிரியர்களுக்கான ஒரு மாத அறிமுகப் பயிற்சியைக் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கௌரவ விரிவுரையாளர்களும் சுயநிதிப் பிரிவில் சேர்பவர்களும் பெரும்பாலும் ஆர்டர் வாங்கிய மறுநாளே வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்குத் துறையே பயிற்சி தந்தாக வேண்டும். அதற்கு அரை நாளும், அதன்பின் ஆறு வார உற்றுநோக்கலும் போதும். அந்த அரை நாளை 'சமத்துவம்' பற்றிய சொற்பொழிவில் செலவழித்தால் பயனில்லை. பாகுபாடு பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு யாரும் வகுப்புக்குள் நுழைவதில்லை. பழக்கத்தில் செய்கிறோம். பழக்கத்தை எண்ணிக் காட்டினால்தான் செய்தவருக்கே தெரியும்.

எண்ணுவதற்கு ஒரு தாள் போதும். வகுப்பின் இருக்கை வரைபடத்தை அதில் வரைந்துகொண்டு, சக ஆசிரியர் ஒருவர் கடைசி பெஞ்சில் 20 நிமிடம் உட்கார வேண்டும். ஆசிரியர் யாரைக் கேள்வி கேட்கிறாரோ அந்த இடத்தில் ஒரு கோடு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் புள்ளி. பதிலை முடிக்கவிடாமல் குறுக்கிட்டால் பெருக்கல் குறி. யாருக்கு 'டா', யாருக்கு 'சொல்லுங்க' என்பதையும் ஓரத்தில் குறிக்கலாம். இந்த வேறுபாடு ஆசிரியரின் காதில் விழுவதில்லை, மாணவர் காதில் தவறாமல் விழுகிறது. தாளைப் பார்த்ததும் பலரும் அதிர்ந்துபோகிறார்கள். கோடுகள் முன் இரண்டு வரிசையிலும் நடு வழியின் இரு பக்கமும் குவிந்திருக்கும், சன்னலோர பெஞ்சுகள் வெறுமையாக இருக்கும்.

இதற்கு முதல் மருந்து காத்திருப்பது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எழுதினார். மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீள்வதையும், வழக்கமாகப் பேசாதவர்கள் வாய் திறப்பதையும் அவர் கண்டார். நம் வகுப்பில் மூன்றும் போதாது. கேள்வியை ஆங்கிலத்தில் வாங்கி, தமிழில் யோசித்து, மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவருகிறவருக்கு இன்னும் நேரம் வேண்டும். "ரெண்டு வரி எழுதுங்க, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட காட்டுங்க" என்று ஒரு நிமிடம் கொடுத்துவிட்டு, பிறகு சன்னலோரத்திலிருந்து கேட்கத் தொடங்கலாம்.

மொழி விஷயத்தில் புதியவர்கள் இரண்டு பக்கமும் வழுக்குகிறார்கள். ஒருவர் முழுக்க ஆங்கிலத்தில் நடத்துவார், பாதி வகுப்பு கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு மட்டும் இருக்கும். இன்னொருவர் முழுக்கத் தமிழில் விளக்குவார், ஆங்கிலத்தில் எழுதும் தேர்வில் மாணவர் திணறுவார். கரும்பலகையின் இடது ஓரத்தில் அன்றைய பாடத்தின் எட்டு முதல் பத்து கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதி, மணி அடிக்கும்வரை அழிக்காமல் வையுங்கள். மாணவர் தமிழில் பதில் சொன்னால் முதலில் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு, அதையே ஆங்கிலத்தில் நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள். "இங்கிலீஷ்ல சொல்லு" என்று நிறுத்தினால் அவர் அதற்கப்புறம் அந்தப் பருவம் முழுக்கப் பேசமாட்டார். உருது, தெலுங்கு, மலைப்பேச்சு ஆகியவற்றின் உச்சரிப்பை வைத்து வகுப்பில் எழும் சிரிப்பை முதல் முறையே நிறுத்த வேண்டும். நீங்களும் சேர்ந்து புன்னகைத்தால் அதற்கு அனுமதி தந்ததாகவே ஆகும்.

இப்போது எல்லாவற்றிலும் ஆழமாக வெட்டும் விஷயம். முதல் நாள் அறிமுகத்தில் "எந்த ஊரு?" என்று கேட்பது தவறில்லை. அடுத்து வரும் "ஊர்லயா, காலனியிலயா?" என்பது சாதி கேட்கும் கேள்வி. "எந்தத் தெரு?", "அப்பா என்ன பண்றார்?" என்று நிற்கவைத்துக் கேட்பதும் அதே வேலையைச் செய்துவிடும். ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் அந்தக் கேள்விக்கு அறுபது பேர் முன்னால் பதில் சொல்லும்போது படும் பாட்டைக் கவனித்தவர் மறுபடி கேட்கமாட்டார். எந்தப் பாடம் பிடிக்கும், கல்லூரிக்கு வர எவ்வளவு நேரமாகிறது, வகுப்பு முடிந்து வேலைக்குப் போகிறீர்களா என்பதையெல்லாம் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவையானது அவ்வளவுதான்.

உதவித்தொகைப் பட்டியலும் அப்படித்தான். "எஸ்சி, எஸ்டி பசங்க எல்லாம் ஆபீசுக்குப் போங்க" என்று வகுப்பில் அறிவிக்கும் ஒரு வரி, மூன்று வருட நட்பு வட்டங்களை அந்த நிமிடத்திலேயே பிரித்துவிடுகிறது. பதிவெண்ணை மட்டும் சொல்லுங்கள், அல்லது வாட்ஸ்அப்பில் தனித்தனியாக அனுப்புங்கள். 2012 யூஜிசி விதிமுறைகளின்படி பாகுபாடு தடுப்பு அலுவலர் ஒருவர் கல்லூரியில் இருக்க வேண்டும். அவர் யார், அறை எங்கே என்பதைப் புதிய ஆசிரியர் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மாணவர் உங்களிடம் வந்து சொல்லும்போது தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

குழுப்பணிக்கு "நீங்களே சேர்ந்துக்கோங்க" என்று விட்டால் சாதி, மதம், ஊர், விடுதி வாரியாகத்தான் குழுக்கள் அமையும். சீட்டுப் போட்டு நான்கு பேராகப் பிரியுங்கள். ஆய்வகத்தில் கருவி பையன்கள் கையிலும், ரெக்கார்டு நோட்டு பெண்கள் கையிலும் போய்ச் சேர்வது இன்னொரு வழக்கம். கருவியைக் கையாள்பவர், அளவு எடுப்பவர், கணக்கிடுபவர், எழுதுபவர் என்று நான்கு பொறுப்புகளை வாராவாரம் சுழற்றினால் இது தானே சரியாகும்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இரக்கம் வேண்டாம், ஏற்பாடு வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. எழுதுவதற்குத் துணையாள் தேவைப்படுவோருக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு, அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். வகுப்புத் தேர்வில் இதை மறந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பார்வையற்றவர் இருக்கும் வகுப்பில் "இதை இதோட பெருக்கினா அது வரும்" என்பதில் ஒன்றுமே இல்லை, பலகையில் எழுதுவதை எல்லாம் வாயால் சொல்ல வேண்டும். காது கேளாதவர் உதட்டைப் பார்க்கிறார் என்றால் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசக்கூடாது. சக்கர நாற்காலி மாணவரை மாடிக்குத் தூக்கிப்போக நண்பர்களைத் தேடாதீர்கள், கால அட்டவணையில் அறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள்.

விடைத்தாள் திருத்தும்போது முதல் பக்கத்தை மடித்துப் பெயரை மறையுங்கள். ஒரு கேள்வியை எல்லாத் தாள்களிலும் திருத்தி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், நடுவில் கட்டைக் குலுக்கி வரிசையை மாற்றுங்கள். ஒருவருடைய முதல் பதில் சுமார் என்றால் இரண்டாவதும் சுமாராகத்தான் தெரியும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அகமதிப்பீட்டு மதிப்பெண் எதெதற்கு எவ்வளவு என்று முதல் வாரமே எழுதி ஒட்டுங்கள். வெள்ளி மதியம் 12.30 முதல் 2 மணிவரை தேர்வு வைக்காதீர்கள், அது ஜும்ஆ தொழுகை நேரம். மலைப் பேருந்து தாமதமானால் வருகைப் பதிவை மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்து எடுக்கலாம்.

பயிற்சிக்குப் பிறகு வரும் ஒரு கோளாறைத் தனியாகச் சொல்ல வேண்டும். நல்ல மனம் கொண்ட ஆசிரியர் "பாவம், மலையிலிருந்து வர்றான்" என்று தவறான பதிலுக்கும் மதிப்பெண் போடுவார், கடினமான கேள்விகளை அந்த மாணவரிடம் கேட்கவே மாட்டார். பல்கலைக்கழகத் தேர்வு அந்தச் சலுகையைத் தராது. நவம்பரில் அரியர் விழும்போது, தனக்கு எது தெரியாது என்பதே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும். மற்றவர்களிடம் கேட்கும் அதே கேள்வியைக் கேளுங்கள், அதே கண்டிப்போடு திருத்துங்கள், தவறு எங்கே என்று கூடுதலாகப் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அதேபோல, ஒதுங்கியிருப்பவரைத் திடீரென்று எழுப்பி எல்லோர் முன்னாலும் பேசவைப்பதும் வேண்டாம். எழுதவிட்டு, நீங்கள் படித்துப் பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கு, சொல்றீங்களா?" என்று அருகில் போய்க் கேட்கலாம்.

ஆறாவது வாரம் அதே ஆள், அதே வகுப்பில், அதே 20 நிமிடத் தாளோடு மறுபடி உட்கார வேண்டும். இரண்டு தாள்களையும் ஆசிரியரிடமே கொடுத்துவிடுங்கள். துறைத்தலைவர் கோப்பில் சேர்த்தால், அடுத்த முறை பார்வையாளர் வந்திருக்கும் நாளில் மட்டும் சன்னலோரத்துக்குக் கேள்வி போகும்.