தேயிலையோடு கனடா திரும்புகிறவர்களுக்கு: 800 டொலர் கணக்கு

நுவரெலியா, ஹப்புத்தளை, பதுளை என்று தேயிலைத் தோட்டங்களாகச் சுற்றிவிட்டு ரொறன்ரோவுக்கு விமானம் ஏறுகிறவர்களின் பெட்டியில் உடுப்பை விடத் தேயிலைதான் கூட இருக்கும். பியர்சன் விமான நிலையத்தில் இறங்கியதும் சுங்க அதிகாரிகள் வரி கேட்பார்களா, பறித்துவிடுவார்களா என்ற பயமும் கூடவே வரும். வீட்டுப் பாவனைக்கும் சொந்தக்காரருக்குக் கொடுக்கவும் என்றால் பெரும்பாலும் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. ஆனால் கொண்டு வருவதைச் சொல்லியாக வேண்டும்.

கனடாவில் வசிப்பவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பினால் 800 கனேடிய டொலர் பெறுமதியான சாமான் வரியில்லாமல் கொண்டு வரலாம். குடியுரிமை இருக்க வேண்டும் என்றில்லை, இங்கே படிக்கிற, வேலை செய்கிற தற்காலிக வதிவிடக்காரர் வெளியே போய்வந்தாலும் இதே சலுகைதான். 24 மணி நேரத்துக்கு மேல், 48-க்குள் என்றால் 200 டொலர்தான், அதிலும் 200-ஐத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி. இலங்கைக்குப் போய்வருகிறவருக்கு அந்தக் கவலை வராது. 800-இல் அப்படி இல்லை, மிஞ்சினதுக்கு மட்டும்தான் கணக்கு.

ஆக்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். அந்த 800 தேயிலைக்கு மட்டுமானது இல்லை. கண்டியில் எடுத்த சேலை, பீங்கான் தேநீர்க் கோப்பைகள், கட்டுநாயக்க விமான நிலைய வரியில்லாக் கடையில் கடைசி நேரத்தில் வாங்கின போத்தல், மருமகளுக்கு என்று வாங்கின பரிசு எல்லாமே அதற்குள் அடக்கம். 'பரிசுக்கு 60 டொலர் தனிச் சலுகை உண்டே' என்று சிலர் வாதாடுவார்கள். இங்கே வசிப்பவருக்கு அது வெளிநாட்டிலிருந்து தபாலில் அனுப்புகிற பரிசுக்குத்தான், கையில் கொண்டுவருவதற்கு இல்லை. ஊரிலிருந்து உங்களைப் பார்க்க வருகிற அம்மா அப்பா கதை வேறு: அவர்கள் பார்வையாளர்கள் என்பதால் ஒவ்வொரு பரிசும் 60 டொலருக்குள் இருந்தால் வரியில்லை.

கணவன் 1,100, மனைவி 300 என்று வாங்கிவிட்டு இரண்டு பேருக்கும் சேர்த்து 1,600 இருக்கிறதுதானே என்று கேட்டால் விடமாட்டார்கள். சலுகை ஆளுக்கு ஆள் தனித்தனி, மாற்றிக் கொடுக்க முடியாது. குழந்தைக்கும் சலுகை உண்டு, ஆனால் அதன் பேரில் காட்டுகிற சாமான் குழந்தையின் பாவனைக்கு உரியதாக இருக்க வேண்டும், இரண்டு வயதுப் பிள்ளை பேரில் ஐந்து கிலோ தேயிலையைக் காட்டினால் அதிகாரி சிரிப்பார்.

சரி, 800-ஐத் தாண்டிவிட்டது என்றால்? அப்போதும் தேயிலைக்காரருக்கு ஒரு நல்ல செய்தி. இலையாகவோ பையாகவோ இருக்கிற சாதாரணத் தேயிலை கனடாவின் விற்பனை வரிச் சட்டத்தில் அடிப்படை உணவுப் பொருள், அதற்கு ஒன்ராறியோவின் 13 வீத வரி இல்லை. கோப்பைக்கும் சேலைக்கும்தான் அது விழும். அதனால் பற்றுச்சீட்டுகளைத் தனித்தனியாக வையுங்கள். எல்லாம் ஒரே சீட்டில் 'அன்பளிப்புப் பொருட்கள்' என்று எழுதியிருந்தால் எது தேயிலை, எது கோப்பை என்று உங்களுக்கே விளங்கப்படுத்த முடியாது. விலை இலங்கை ரூபாயில் இருப்பது பிரச்சினை இல்லை, அவர்கள் டொலருக்கு மாற்றிக்கொள்வார்கள்.

அப்புறம், வரி வேறு, உணவுக் கட்டுப்பாடு வேறு. வரி இல்லாத தேயிலை என்றாலும் உணவுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றே சொல்ல வேண்டும். காய்ந்து பதப்படுத்தின, கடைப் பொதியில் இருக்கிற தேயிலையை யாரும் பறிப்பதில்லை. சிக்க வைப்பது பெரும்பாலும் பக்கத்தில் கிடக்கிற பச்சை மரக்கறி, பழம், இறைச்சி, பால் பொருட்கள்தான், அவற்றுக்குத் தனித்தனி விதிகள் இருக்கின்றன. உணவு, தாவரம், விலங்குப் பொருட்களைச் சொல்லாமல் மறைத்துப் பிடிபட்டால் தண்டம் 1,300 டொலர் வரை போகும். தோட்டத்தில் ஆசையாகப் பிடுங்கின தேயிலைக் கன்றை மண்ணோடு சுற்றிக் கொண்டுவரும் யோசனை இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்: கன்றுக்கு முன்கூட்டிய இறக்குமதி அனுமதி வேண்டும், மண்ணை விடவே மாட்டார்கள்.

பியர்சனில் இயந்திரத்தின் முன் நின்று திரை தட்டப் பொறுமையில்லாதவர்கள் கனடா அரசின் 'அரைவ்கேன்' செயலியில் தரையிறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் சுங்கப் பிரகடனத்தை நிரப்பலாம். கட்டாயமில்லை, ஆனால் கொழும்பில் விமானத்துக்குக் காத்திருக்கிற நேரத்தில், பற்றுச்சீட்டுகள் கையில் இருக்கும்போதே செய்துவிடுவது லேசு.