ஃபிட்ஸ் வந்த தேதியோட பீரியட்ஸ் தேதியையும் குறிச்சு வைங்க

"மாத்திரை ஒரு நாள் கூட விடல டாக்டர், ஆனாலும் மாசாமாசம் ஃபிட்ஸ் வந்துடுது"ன்னு ஒரு பொண்ணு அழுதாங்க. அவங்கம்மா காலண்டர்ல குறிச்சு வெச்சிருந்தத பாத்தா முக்காவாசி பீரியட்ஸுக்கு முந்தின நாள், இல்லன்னா மொத நாள். முந்தின ரெண்டு விசிட்லயும் நான் அத கேக்கவே இல்ல, கேட்டிருக்கணும்.

மூளை செல்லோட சவ்வுல இருக்கற குட்டிக் கதவுங்க தான் அயான் சேனல். சும்மா இருக்கறப்போ செல்லுக்குள்ள சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட், சோடியம் கதவு தொறந்தா சிக்னல் கிளம்பும், பொட்டாசியம் வெளிய போனா அடங்கும். இதுல காபான்னு ஒரு கெமிக்கல் தொறக்கற குளோரைடு கதவு தான் பிரேக். புரோஜெஸ்டிரான்ங்கற ஹார்மோன்ல இருந்து உடம்பு தயாரிக்கற அலோபிரெக்னனோலோன் அந்த பிரேக்க இன்னும் அழுத்தமா பிடிக்க வைக்கும், பீரியட்ஸ் நெருங்கறப்போ புரோஜெஸ்டிரான் சரசரன்னு எறங்குதா, பிரேக்கும் லூசாயிடுது, வலிப்பு இருக்கறவங்களுக்கு அந்த ரெண்டு மூணு நாள் தான் கண்டம். இன்னொரு ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் வேற பெரும்பாலும் செல்ல உசுப்பி விடற ரகம்.

இதனால பொம்பளைங்க மூளையே வேறன்னு யாரும் கிளம்பிடாதீங்க. ஆம்பளைங்களுக்கும் அதே கதவு தான், அதே அலோபிரெக்னனோலோனும் இருக்கு, மாசாமாசம் இப்படி ஏறி எறங்கறது தான் இல்ல.

குழந்தை பொறந்ததும் இதே புரோஜெஸ்டிரானும் அலோபிரெக்னனோலோனும் மளமளன்னு விழும். அப்போ சில அம்மாக்களுக்கு வர்ற டிப்ரஷன "புள்ளைய பாத்துக்க சோம்பல்"னு சொல்றத கேட்டா எனக்கு மனசு கொதிக்கும். அதுக்குன்னே 2019ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி குடுத்த பிரெக்ஸனோலோன்ங்கற மருந்து வேற ஒண்ணும் இல்ல, அலோபிரெக்னனோலோனையே டிரிப்ஸா ஏத்தறது தான்!

இவ்வளவு இருந்தும் மூளை ஆராய்ச்சில ரொம்ப காலமா ஆண் எலிய வெச்சே தான் பாத்தாங்க, ஒரே பாலினத்துல செஞ்ச ஆய்வுகள்ல பெண் ஒண்ணுன்னா ஆண் அஞ்சரைன்னு 2011ல வந்த ஒரு அலசல் சொல்லுது.

இன்னொண்ணு, லாமோட்ரிஜின் (சோடியம் கதவ கட்டுப்படுத்தற வலிப்பு மாத்திரை) எடுக்கறவங்க ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் ஆரம்பிச்சா ரத்தத்துல லாமோட்ரிஜின் அளவு பாதியா கூட கொறையலாம், கருத்தடை மாத்திரைய நிறுத்தினா திரும்ப ஏறும். அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் நிறுத்தறதுக்கு முன்னாடியும் உங்க நரம்பு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க, அடுத்த விசிட்டுக்கு அந்த காலண்டரையும் கையோட எடுத்துட்டு வாங்க.