ஒரே சொல்தான், ஆனால் சொல்வது யார்?

மொழிபெயர்ப்புப் பிரதிகளைத் திருத்துவது என் வேலை. ஜேன் ஆஸ்டினின் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலின் தமிழ்ப் பிரதி ஒன்று வந்தது. 'பிரைடு' வந்த இடத்திலெல்லாம் 'கர்வம்'. கேட்டால், "சொற்பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன், சீராக இருக்க வேண்டுமே" என்கிறார் மொழிபெயர்ப்பாளர். ஒப்பந்தப் பத்திரம் என்றால் சரி. நாவலில் இது வேலைக்கு ஆகாது.

16ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். நாயகன் டார்சியை, அவரைப் பிடிக்காத விக்கம் என்பவன் தூற்றுகிற இடம் அது. ஆனாலும் அவர் குடியானவர்களுக்கு உதவுவதும் ஏழைகளுக்குக் கொடுப்பதும் இந்தப் 'பிரைடு' இருப்பதால்தான், குடும்பத்தைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் அவருக்கு அவ்வளவு 'பிரைடு' என்று அவனே ஒப்புக்கொள்கிறான். இங்கே போய் 'அப்பாவைப் பற்றிய கர்வம்' என்று எழுதினால் வாசிக்கிறவர் திகைத்துப்போவார். குலப்பெருமை, தந்தையைப் பற்றிய பெருமை என்றால்தான் வாக்கியம் நிற்கும். 59ஆம் அத்தியாயத்தில் நாயகி எலிசபெத் தன் அப்பாவிடம், டார்சியிடம் தகாத 'பிரைடு' எதுவும் இல்லை என்கிறாள். 'தகாத கர்வம்' என்றால் தகுந்த கர்வம் என்று ஒன்று உண்டா என்ன?

அதற்காக இடத்துக்கு இடம் மாற்றிக்கொண்டே போகலாமா என்றால், அதுவும் ஆபத்து. நானே அதில் மாட்டினேன். 5ஆம் அத்தியாயத்தில், டார்சி என்னுடைய 'பிரைடை'ப் புண்படுத்தாமல் இருந்திருந்தால் அவருடையதை மன்னித்திருப்பேன் என்கிறாள் எலிசபெத். அவருக்குக் கர்வம், இவளுக்குத் தன்மானம் என்று திருத்திக் கொடுத்துவிட்டேன். அழகாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, அவரிடம் குற்றம் காண்கிற அதே குணம் தன்னிடமும் இருப்பதை அவளை அறியாமல் அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார் ஆஸ்டின், நான் அவளுக்கு நல்ல சொல்லைக் கொடுத்துத் தப்பிக்க விட்டிருக்கிறேன். அங்கே கர்வமே இருக்கட்டும் என்று திருத்தத்தைத் திரும்பப் பெற்றேன்.

நம் சொற்கள் மட்டும் லேசுப்பட்டவையா? 431ஆம் குறளில் செருக்கில்லாதவருடைய செல்வத்துக்குப் 'பெருமிதம்' சிறப்பு, 979இல் அதே பெருமிதம் இல்லாமல் இருப்பதுதான் பெருமை!

இப்போதெல்லாம் சொற்பட்டியலைத் தொடுவதற்கு முன் மூலத்தில் அந்தச் சொல் வரும் இடங்களை எல்லாம் தேடி எடுத்து, யார், யாரைப் பற்றி, என்ன கோபத்தில் சொல்கிறார் என்று பக்கத்திலேயே குறித்துவிடுகிறேன். அலுப்பான வேலை, இரண்டு நாள் ஆகும். அந்தப் பிரதியில் கர்வம், பெருமை, குலப்பெருமை மூன்றும் தங்கிவிட்டன. தலைப்புக்கு எது என்பதில்தான் எனக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இன்னும் சண்டை.