லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை போச்சா? முதலில் எதையும் நிறுவாதீர்கள்

போன வெள்ளிக்கிழமை மதியம் ஒரு அப்பாவும் மகனும் லேப்டாப் பழுதுபார்க்கும் என் கடைக்கு வந்தார்கள். மகன் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. திங்கட்கிழமை புராஜெக்ட் ரிவ்யூ. "அண்ணா, வைஃபை டிரைவர் போயிடுச்சு. புதுசா போட்டுக் குடுங்க" என்றான்.

டெர்மினலைத் திறந்து, இதுவரை என்னென்ன கட்டளைகளை ஓட்டியிருக்கிறான் என்று பார்த்தேன். நாற்பது வரிக்கு மேல். மூன்று வீடியோக்களைப் பார்த்து, மூன்றிலும் சொன்னதை வரிசையாக அடித்திருக்கிறான். வேறு வேறு சிப்புக்கான இரண்டு டிரைவர்களை யாரோ போட்டுவைத்த சோர்ஸ் கோடிலிருந்து கட்டி நிறுவியிருக்கிறான். சரியான டிரைவர் எழுந்து வராமல் இருக்க அதைத் தடைப்பட்டியலில் சேர்த்திருக்கிறான், அதுவும் வீடியோ சொன்னதுதான். கடைசியில் "இடம் காலியாகட்டும்" என்று லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் பழைய பதிப்பையும் நீக்கிவிட்டான்.

ஆரம்பக் கோளாறு என்ன தெரியுமா? நீலத் திரை ஒன்று வந்தபோது ஒரு விசையை அழுத்தாமல் விட்டது. அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை, அரை நாள் வேலையாகிவிட்டது. இந்த மாதத்தில் இப்படி வந்த நான்காவது லேப்டாப் இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். விண்டோஸில் வைஃபை வேலை செய்யாவிட்டால் என்ன செய்வோம்? லேப்டாப் கம்பெனி தளத்துக்குப் போய், மாடல் நம்பர் போட்டு, டிரைவரை இறக்கி நிறுவுவோம். பத்து வருடப் பழக்கம். அதே பழக்கத்தோடு லினக்ஸுக்கு வந்து, "இந்த மாடலுக்கு லினக்ஸ் வைஃபை டிரைவர்" என்று தேடுகிறார்கள். லினக்ஸில் டிரைவர் அப்படி வெளியே கிடப்பதில்லை. பெரும்பாலான வைஃபை டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. இன்டெல் கார்டுக்கு ஐடபிள்யூஎல்வைஃபை, ரியல்டெக்கின் பல சிப்புகளுக்கு ஆர்டிடபிள்யூ88, ஆர்டிடபிள்யூ89, மீடியாடெக்குக்கு எம்டி76, ஏதெரோஸுக்கு ஏடிஹெச்9கே, ஏடிஹெச்10கே. நீங்கள் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் புதிய பதிப்பை நிறுவிய அன்றே இவை அத்தனையும் உங்கள் டிஸ்கில் வந்து உட்கார்ந்துவிட்டன. உங்கள் கார்டுக்கு உரியது தானே எழுந்து வரும். வரவில்லை என்றால் "டிரைவர் இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள். "ஏன் எழவில்லை?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் அந்த மாணவனின் அரை நாள் போனது.

எழாததற்குக் காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கெர்னல் கார்டைவிடப் பழையதாக இருக்கலாம். கார்டுக்குள் ஓடும் சின்ன நிரலான ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமல் இருக்கலாம். யாரோ பூட்டி வைத்திருக்கலாம், அது ஒரு சுவிட்சாகவோ, விண்டோஸாகவோ, கையொப்பம் இல்லாததைத் தடுக்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பாகவோ இருக்கும். அல்லது கார்டே செத்திருக்கலாம். இதில் எந்த ஒன்றுக்கும் ஜிப் கோப்பு இறக்குவது தீர்வில்லை.

கெர்னல் வயதை எடுத்துக்கொள்வோம். ரியல்டெக்கின் ஆர்டிடபிள்யூ88 டிரைவர் கெர்னலுக்குள் வந்தது 2019-இல், 5.2 பதிப்பில். மலிவு விலை லேப்டாப்புகளில் நிறையக் காணப்படும் 8821சிஇ சிப்புக்கு அதில் ஆதரவு சேர்ந்தது 2020-இல், 5.9-இல். மீடியாடெக் எம்டி7921 வந்தது 2021-இல், 5.12-இல். ஆக, இன்று கடையில் வாங்கிய லேப்டாப்பில் 2020-ஆம் ஆண்டு உபுண்டு பென்டிரைவைச் சொருகி நிறுவினால் பெரும்பாலும் வைஃபை வராது. கார்டு பிறக்கும் முன்பே எழுதப்பட்ட கெர்னல் அது. புதிய பதிப்பை நிறுவுங்கள், முடிந்தது. இதற்கு நேரெதிரும் நடக்கிறது. 2019-இல் ஒருவர் போட்ட வீடியோ அன்றைக்குச் சரி, அப்போது 8821சிஇ-க்கு வெளியிலிருந்துதான் டிரைவர் கட்டவேண்டியிருந்தது. அதே வீடியோவை இன்றைய கெர்னலில் பின்பற்றினால் ஒரு கார்டுக்கு இரண்டு டிரைவர்கள் மல்லுக்கட்டும். வீடியோவின் தேதியைப் பாருங்கள். தயவுசெய்து பாருங்கள்.

வெளியிலிருந்து டிரைவர் போட்டே ஆகவேண்டிய சிப்புகளும் உண்டு, மறுக்கவில்லை. பிராட்காம் 43142 அப்படிப்பட்டது. பத்து வருடத்துக்கு முந்தைய லேப்டாப்புகளில் நிறைய இருக்கும். மூலநிரல் முழுதாகத் திறக்கப்படாத டபிள்யூஎல் என்ற டிரைவர்தான் அதற்கு வழி. ஆனால் அதையும் உபுண்டுவில் 'கூடுதல் டிரைவர்கள்' என்ற பகுதியிலிருந்தும், மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் 'டிரைவர் மேனேஜர்' வழியாகவும்தான் போடவேண்டும். அப்படிப் போட்டால், கெர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அந்த டிரைவரைத் தானாக மறுபடி கட்டிக்கொடுக்கும். கையால் கட்டியது அடுத்த கெர்னல் அப்டேட்டிலேயே போய்விடும். "அப்டேட் போட்டேன், வைஃபை போச்சு" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே, டிரைவரை எந்த வழியில் நிறுவினீர்கள் என்பதுதான்.

அந்த மாணவனுடையதும் இந்த வகைச் சிப்தான். முதலில் அவன் செய்ததெல்லாம் சரி. கூடுதல் டிரைவர்களில் போய்ச் சரியானதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான். நடுவில் செக்யூர் பூட்டுக்காக ஒரு பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தான். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து நொடி காத்திருந்தது. பயந்துபோய்த் தொடவில்லை. திரை தானாகப் போய்விட்டது, மறுபடி வரவும் இல்லை.

இந்தத் திரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். செக்யூர் பூட் இயங்கும் லேப்டாப்பில், கையொப்பம் இல்லாத எந்த டிரைவரையும் கெர்னல் உள்ளே விடாது. உங்கள் கணினியிலேயே கட்டப்படும் டிரைவருக்கு உங்கள் கணினியே ஒரு சாவியை உருவாக்கிக் கையொப்பம் இடுகிறது. "இந்தச் சாவி என்னுடையதுதான்" என்று, விசைப்பலகை முன் உட்கார்ந்திருக்கும் நீங்கள் நேரில் சொல்லவேண்டும். அதற்குத்தான் நீலத் திரை. வைரஸும் இல்லை, லேப்டாப் கெட்டுப்போகவும் இல்லை. விசையை அழுத்தி, சாவியைப் பதிவுசெய்யும் 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'கன்டினியூ', 'யெஸ்' கொடுத்து, கொஞ்ச நேரம் முன்பு நீங்களே வைத்த பாஸ்வேர்டை அடித்தால் போதும். பெரும்பாலும் ஒரு தடவைதான் கேட்கும். தவறவிட்டால், மோக்யூடில் கட்டளை மூலம் மறுபடி கேட்கவைக்கலாம். இதற்காக செக்யூர் பூட்டையே அணைக்கச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன. கதவுக்குச் சாவி தொலைந்தது என்று கதவையே கழற்றி வைப்பார்களா?

சரி, உங்கள் லேப்டாப்பில் என்ன கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டெர்மினலில் ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று அடித்துப் பாருங்கள். சாஃப்ட் பிளாக்கில் 'யெஸ்' என்றிருந்தால் மென்பொருள் பூட்டியிருக்கிறது, ஏரோபிளேன் மோடை அணையுங்கள். ஹார்ட் பிளாக்கில் 'யெஸ்' என்றால் பக்கவாட்டுச் சுவிட்சையோ மேல்வரிசை விசையையோ பாருங்கள். சுவிட்சே இல்லாத மாடலிலும் ஹார்ட் பிளாக் என்று காட்டுவது உண்டு. அப்போது அந்த லேப்டாப் பிராண்டுக்கான துணை மாட்யூல் தப்பாகச் சொல்கிறதா என்று பார்க்கவேண்டும்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருக்கிறீர்களா? விண்டோஸை ஷட்டவுன் செய்தால் அது முழுசாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் பாதித் தூக்கத்தில் போகிறது, சில நேரம் வைஃபை கார்டையும் அந்த நிலையிலேயே விட்டுவிட்டுப் போகிறது. லினக்ஸ் எழுந்து பார்த்தால் கார்டு பேசாது. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள். "நேற்று வந்தது, இன்று வரவில்லை, நாளை வரும்" என்று மாறி மாறி நடந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் வரவேண்டும்.

அடுத்து எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை. கூடவே ஒரு கோடு போட்டு என்என்கே சேர்த்தால், கார்டின் பெயர், அடையாள எண், இப்போது எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்பது வரைக்கும் சொல்லும். அடையாள எண்ணின் முதல் பாதி கம்பெனியைக் குறிக்கும். 8086 என்று தொடங்கினால் இன்டெல், அவர்களின் பழைய பிராசஸர் எண்ணையே வைத்துக்கொண்டார்கள். லேப்டாப் மாடலை வைத்துத் தேடாதீர்கள், ஒரே மாடலில் மூன்று விதக் கார்டுகள் வருவது சாதாரணம். இந்த எண்ணை வைத்துத் தேடுங்கள். பட்டியலில் வைஃபை கார்டே இல்லை என்றால், உலகத்து டிரைவர்களையெல்லாம் நிறுவினாலும் வராது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரை எடுத்து, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் இல்லை என்றால் பின்பக்கத்தைத் திறந்து கார்டைக் கழற்றி மாட்டவேண்டும். அது எங்கள் வேலை.

கார்டு தெரிகிறது, டிரைவரும் பிடித்திருக்கிறது, ஆனாலும் வைஃபை இல்லையா? டிஎம்இஎஸ்ஜி என்ற கட்டளை காட்டும் கெர்னல் செய்திகளில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை, பிழை மைனஸ் 2 என்று இருந்தால், கோப்பு அந்த இடத்தில் இல்லை என்று பொருள். உபுண்டுவில் லினக்ஸ் ஃபர்ம்வேர் பேக்கேஜில் இருக்கும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் நீண்ட காலம் இது அதிகாரபூர்வ நிறுவியில் இல்லாமல் பலரையும் அலையவைத்தது. 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த டெபியன் 12 முதல் சேர்த்துவிட்டார்கள். இன்னும் டெபியன் 11 வட்டை வைத்துக்கொண்டு சிரமப்படாதீர்கள்.

இன்னொன்று. ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் வைஃபை வருகிறது, அடுத்த அறைக்குப் போனால் இல்லை என்று ஒரு அம்மா வந்தார். ரவுட்டரை மாற்றிவிட்டார், ரேஞ்ச் எக்ஸ்டெண்டரும் வாங்கிவிட்டார். லேப்டாப்பில் இருந்தது ரியல்டெக் 8723பிஇ. சில லேப்டாப்புகளில் இந்தக் கார்டுக்கு ஒரே ஆன்டெனாதான் மாட்டியிருப்பார்கள், டிரைவர் மாட்டாத முனையைப் பார்த்துக்கொண்டு இருக்கும். ஆன்ட் செல் என்ற அமைப்பை 1 அல்லது 2 என்று மாற்றினால் சிக்னல் முழுசாக வந்துவிடும். ஒரே ஒரு வரி. அவர் செலவழித்த பணத்தை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை.

வைஃபை இல்லாமல் இதையெல்லாம் எப்படி இறக்குவது என்று கேட்காதவர்கள் இல்லை. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, போனில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். கம்பி இணைப்பு போலவே லினக்ஸ் எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டியதில்லை. பென்டிரைவில் பேக்கேஜ்களை ஒவ்வொன்றாகச் சுமந்து, ஒன்றுக்கு ஒன்று சேராத பதிப்புகளை நிறுவிக் குழப்பிக்கொள்ளவேண்டாம்.

முழு அதிகாரத்தோடு ஓடும், சூடோ என்று தொடங்கும் எந்த வரியையும், அது என்ன செய்கிறது என்று புரியாமல் ஒட்டாதீர்கள். பழைய கெர்னல் ஒன்றையாவது விட்டு வையுங்கள். அப்டேட்டில் ஏதாவது போனால், லேப்டாப் எழும்போது வரும் கிரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து அன்றைய வேலையைப் பார்த்துவிடலாம். புது லேப்டாப்பில் லினக்ஸ் போடுவதற்கு முன் நிறுவாமலே ஓட்டக்கூடிய லைவ் பென்டிரைவில் ஓட்டி வைஃபை வருகிறதா என்று பாருங்கள், ஐந்து நிமிடம்தான்.

அந்த மாணவனின் லேப்டாப்பில் இரண்டு தப்பு டிரைவர்களையும் எடுத்து, தடைப்பட்டியலைச் சரிசெய்து, சாவிப் பதிவை மறுபடி கேட்கவைத்தேன். நீலத் திரை வந்ததும் நான் தொடவில்லை, அவனையே உட்காரவைத்தேன். படித்துப் பார்த்து அழுத்தினான். லேப்டாப் எழுந்ததும் அக்கம்பக்கத்துக் கடைகளின் வைஃபை பெயர்களெல்லாம் வரிசையாக வந்தன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்களே முயன்று முடியாமல் யாரிடம் கொண்டுபோனாலும், டெர்மினல் வரலாற்றை அழித்துவிட்டுப் போகாதீர்கள். திட்டுவார்களோ என்று கூச்சப்பட்டு அழிக்கிறார்கள். அவனும் அழித்திருந்தால், எந்த டிரைவர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடவே எனக்கு இன்னொரு நாள் ஆகியிருக்கும், திங்கட்கிழமை ரிவ்யூவும் போயிருக்கும்.